கடலிலிருந்து பார்த்தால் மஞ்சள்

1

கூட்டத்தில் இருந்தவர்கள்:

மீனவர் சங்கத் தலைவர்.
சங்கச் செயலாளர். ஐஸ் ஃபேக்டரியில் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மூன்றாவது முறையாகச் செயலாளர்.
கறுப்புக் கண்ணாடி. சம்பவத்தன்று காவல் முறை அவருடையது.
தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பெண். மடியில் லேப்டாப்.
படகுக்காரர்கள் பதினொரு பேர்.
ஸ்கேல். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார்.
தலைவரின் மனைவி. தையல்காரி. கதவோரப் பெஞ்சில்.

கடைசி ஆள் சங்கத்து நோட்டில் இல்லை. நான் சேர்த்தது. அவள் உறுப்பினர் கிடையாது, வாயைத் திறக்கவும் இல்லை, அதனால் செயலாளர் எழுதவில்லை. சங்கத்து அறைக்குள் ஒருவர் சொன்னது நோட்டில் ஏறும், ஏறியதை யாரும் அடிக்க முடியாது என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அறைக்கு வெளியே சொன்னதெல்லாம் வெறும் பேச்சு.

நோட்டை நான் பார்த்ததில்லை. ஸ்கேல் சொல்லித்தான் தெரியும். ஒரு கிடங்கில் பதினான்கு மாதம் இரவுக் காவல் வேலை பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அங்கே என்னோடு இருந்த இன்னொரு காவலாளி அவர். முன்பு மீன் பிடித்தவர். இந்தக் கதையை என்னிடம் ஆறு தடவை சொல்லியிருக்கிறார். ஆறு தடவையும் ஒரு சொல் கூட மாறவில்லை. பொய் சொல்கிறவனாக இருந்தால் இரண்டாம் தடவையே மெருகேற்றியிருப்பான். அந்தக் கூட்டத்தைச் சொல்லும்போது மட்டும் அவருடைய அண்ணியான தையல்காரியைப் பற்றி ஒரே வரிதான் உண்டு: "அண்ணி கூட்டத்துக்கு வந்தாங்க. ஒண்ணும் பேசல." இதைச் சொன்னதும் எழுந்து டீ ஊற்றப் போய்விடுவார்.

போன வருடம் இறந்துபோனார். வயிற்றில் ஏதோ, மூன்று வாரம் ஆஸ்பத்திரி. செல்போனை என்னிடம் கொடுத்தார்கள். அதில் 'அண்ணி' என்று ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. "செவுரைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?" என்றார்.

"இல்லீங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணும் சொன்னதில்லீங்க."

போனை வைத்துவிட்டார். நான் ஏன் இல்லை என்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் என்று நினைத்திருப்பேன். இப்போது யோசித்தால் அதைவிட மோசமான பதில் இருந்திருக்க முடியாது. அந்த 'இல்லீங்க'வைத் திரும்ப வாங்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடல் அன்று ஒரு

ஒரு என்ன? நான் கடலை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டும் பஸ் ஜன்னலிலிருந்து. விட்டுவிட்டேன்.

அடுத்து:

கடல் வளத்தைக் காக்கும் உயரிய நோக்கத்தோடு ஒன்றிணைந்த சிறுமீனவர்கள், தங்களது

இது நோட்டீஸ். கிழித்தேன்.

அடுத்து: அந்தச் சுவர் பத்தொன்பது வருடம் மஞ்சளாக இருந்தது.

இதை வைத்துக்கொண்டேன்.

3

சுவர் எதற்கு என்று சொல்லாமல் மேலே போக முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த இடம் கட்டுரை மாதிரி இருக்கும்.

அந்த ஊரில் எல்லாம் சின்னப் படகுகள். படகுக்கு ஒரு இன்ஜின், இரண்டு பேர். கரையோரத்தில் மீன் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. பெரிய விசைப்படகுகள் வந்து வாரிக்கொண்டு போனது ஒரு காரணம். இவர்களே கண்ணி சிறுத்த வலை போட்டுக் குஞ்சையும் குளுவானையும் அள்ளியது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தைச் சங்கத்தில் முதலில் எழுந்து சொன்னவர் ஸ்கேல். அன்றைக்கு அவரை அடிக்கப் போனார்கள்.

ஒரு வருடம் சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு நிறுவனத்துப் பெண் வந்து வீடு வீடாக உட்கார்ந்து பேசினாள். கடைசியில், பாறையும் கடற்புல்லுமாக இருக்கிற ஒரு துண்டுக் கடலை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவானது. அங்கே யாரும் வலை போடக் கூடாது. மீன் முட்டையிடட்டும், வளரட்டும், பெருகி வெளியே வருவதைப் பிடித்துக்கொள்ளலாம். 'விட்ட தண்ணி' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மீறினால் ஒரு சீசன் படகு கரையேறும், இன்ஜின் சங்கத்து அறைக்குப் போகும். அரசாங்கத்தோடு ஒரு காகிதம் போட்டுக்கொண்டார்கள்: ஊர் தன் எல்லையைத் தானே காக்கிறவரை விசைப்படகு அந்தப் பக்கம் வரக் கூடாது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், எல்லையில் தகராறு என்று வந்தால் காகிதம் செல்லாது.

எல்லையை எப்படிக் காட்டுவது? அந்தப் பெண் ஒரு கருவியைப் பார்த்து நம்பர் நம்பராகச் சொன்னாள். "அந்த நம்பர் தண்ணியில எழுதியிருக்குமாம்மா?" என்று ஒரு படகுக்காரர் பணிவாகக் கேட்டார். மிதவை கட்டிப் பார்த்தார்கள். இரண்டு தடவை கட்டினார்கள், இரண்டு தடவையும் காற்று அறுத்துக்கொண்டு போனது. கடைசியில் தங்களுக்குத் தெரிந்த வழிக்கே வந்தார்கள். கரையில் தூரத்தில் உயரமாக ஒன்று, கிட்டத்தில் தாழ்வாக ஒன்று, இரண்டையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பது. தூரத்தில் ஐஸ் ஃபேக்டரியின் தண்ணீர்த் தொட்டி. கிட்டத்தில், கரையை ஒட்டி, தலைவர் வீட்டின் மஞ்சள் சுவர். தொட்டிக்கு நேர் கீழே மஞ்சள் வந்தால் நீ எல்லையில் இருக்கிறாய். தொட்டி மஞ்சளுக்கு இடப்பக்கம் நகர்ந்தால் உள்ளே வந்துவிட்டாய், வலையைத் தூக்கு. பேட்டரி வேண்டாம், படிப்பு வேண்டாம், கண் போதும்.

இரண்டாம் வருடம் கணவாய் மீன் திரும்பி வந்தது.

மூன்று வருடம் அத்தனை படகுக்காரர்களும் தினமும் அந்தச் சுவரைப் பார்த்து வலை போட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவளிடம் அதை யாரும் சொல்லவில்லை.

* அதெப்படி ஒருத்தர் கூடச் சொல்லாமல் இருப்பார்கள் என்று ஸ்கேலிடம் கேட்டிருக்கிறேன். "எல்லாருக்கும் தெரியும்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதை யாரு யாருக்குச் சொல்லுவா?" என்றார்.

4

[இனி வருவது தையல்காரியின் பக்கம். ஸ்கேல் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. நானே எழுதுகிறேன்.]

மஞ்சள் அவளுக்குப் பிடிக்காது. கல்யாணமாகி வந்த மாதம், படகுக்கு வாங்கிய பெயின்ட் மீந்துபோனதைத் தலைவர் சுவரில் அடித்தார். அப்போது அவர் தலைவர் இல்லை, வெறும் புருஷன். அதிலிருந்து பெயின்ட் உரியும்போதெல்லாம் அதே டின்னைத் தேடி வாங்கி வருவார். "வேற கலரே கடையில இல்லையா?" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். சுவர் விஷயத்தில் அவர் காதில் எதுவும் ஏறாது.

அந்த வருடம் காற்று பிடித்துக்கொண்டு எட்டு நாள் விடவில்லை. ஒரு படகும் இறங்கவில்லை. கடலுக்குப் போகிற மனிதன் எட்டு நாள் வீட்டில் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

"நகருங்க, பெருக்கணும்."

"இப்பத்தானே பெருக்குன."

"நீங்க உட்கார்ந்திருந்த இடத்தை எப்பப் பெருக்குனேன்? நீங்க எழுந்திரிச்சாத்தானே."

நான்காம் நாள் பள்ளிக்கூடத்துச் சீருடைகளை முடித்துவிட்டாள். மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். கத்தரிக்கோல் மூன்றையும் தீட்டினாள். ஐந்தாம் நாள் கடைக்குப் போய் ஒரு டின் பச்சை பெயின்ட் வாங்கி வந்தாள். கரைப்பக்கச் சுவர் முழுக்கப் பச்சை அடித்து, அதன் மேல் வெள்ளையில் 'இங்கு சீருடை தைக்கப்படும்' என்று எழுதுவது அவள் திட்டம். கரைப்பக்கம் வந்து யார் அதைப் படிப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அடித்தாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டவர் தலைவர்.

இதை ஸ்கேல் என்னிடம் சொல்லியிருக்கிறார், ஊருக்கே தெரியுமாம். எல்லைக்குக் குறி அந்தச் சுவர்தான் என்று கூட்டத்தில் கைதூக்கிச் சொன்ன அதே ஆள், அதே சுவர் பச்சையாவதை, ஏணியைப் பிடித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"அந்த மூலையில விட்டுட்ட பாரு."

"எந்த மூலை?"

"பைப்புக்குப் பின்னால. இன்னும் மஞ்சளாத் தெரியுது."

"ஏணியைச் சரியாப் பிடிங்க, அப்புறம் மூலையைப் பார்ப்போம்."

நான் இந்த இடத்தில் வெகுநாள் நின்றுவிட்டேன். எப்படி மறக்கும்? பிறகு புரிந்தது. மறக்கவில்லை. அவருக்குக் கரையில் இருக்கும்போது அது சுவர், படகில் இருக்கும்போதுதான் அது குறி. மழைக்கு ஒழுகினால் ஏறிப் பூசுகிற சுவரும், தொட்டிக்குக் கீழே வைத்துப் பார்க்கிற மஞ்சளும் அவர் மனதில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. எட்டு நாளாக ஊரில் ஒருவரும் கடலில் இல்லை. அதனால் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று, "பச்சை நல்லாயிருக்கு" என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

5

ஸ்கேல் ஊரின் மறுகோடியில் இருந்தார். அந்த எட்டு நாளும் இன்ஜினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு நகரவில்லை. சுவர் பச்சையானது அவருக்குத் தெரியாது. கடலிலிருந்து பார்க்க, தலைவர் வீட்டுக்கு நாலு வீடு இடப்பக்கம், ஐஸ் ஃபேக்டரி லாரிகள் நிற்கிற இடத்தில் நிழலுக்குப் புதிதாக ஒரு மஞ்சள் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்ததும் தெரியாது.

ஒன்பதாம் நாள் காற்று விட்டது. அவர்தான் முதலில் இறங்கினார்.

'ஸ்கேல்' என்று ஏன் பெயர் என்று இப்போது சொல்லிவிட வேண்டும். விட்ட தண்ணிக்குக் காவல் என்பது முறை வைத்து ஒவ்வொரு படகாகப் பார்ப்பது. மற்றவர்கள் முறை வந்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். இவர் கோடு கிழித்த மாதிரி நிற்பார். மூன்று வருடத்தில் பிடிபட்டது மூன்று பேர், மூவரையும் பிடித்தது இவர். ஒருத்தர் இன்ஜின் நின்றுபோச்சு என்றார். ஒருத்தர் நீரோட்டம் இழுத்தது என்றார். மூன்றாவது ஆள் கறுப்புக் கண்ணாடி. கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கண்ணாடியைக் கழற்றாதவர்.

"தொப்பி விழுந்துருச்சுப்பா, எடுக்கப் போனேன்."

"வலையைப் போட்டா எடுத்த?"

மூன்று பேர் படகும் கரையேறியது. அதனால் அன்று காலை என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். காவல் முறை கறுப்புக் கண்ணாடியுடையது.

தையல்காரி மெஷினில் இருந்தாள். கரையில் கூச்சல் கேட்டு, அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வெளியே வந்து சுவரோரம் நின்றாள். ஸ்கேலின் படகைச் சுற்றிக் கூட்டம்.

"மாட்டுனான் பாரு! ஊரையே பிடிச்சவன் உள்ள மாட்டுனான்!"

"எவ்வளவு உள்ள?"

"ரெண்டு வலை நீளம். என் கண்ணால பார்த்தேன்."

"உன் கண்ணால எங்க பார்த்த, கண்ணாடியால பார்த்த. அதுல பகலே மசமசன்னுதானே இருக்கும்."

சிரித்தார்கள். ஸ்கேல் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பாடம் சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். "மஞ்சளைப் பார்த்துத்தான் போட்டேன். மேல தொட்டி, கீழ மஞ்சள். நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. வேணும்னா இப்பவே வாங்க, காட்டறேன்." கையை நீட்டிக்கொண்டே கரைப்பக்கம் திரும்பினார்.

கை அப்படியே நின்றது. பச்சைச் சுவரைப் பார்த்தார். பிறகு நாலு வீடு தள்ளி, தார்ப்பாயைப் பார்த்தார். அவர் பார்த்த வழியே கூட்டம் திரும்பியது. ஒருத்தர் பின் ஒருத்தராகச் சிரிப்பு நின்றது.

தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?" என்றாள்.

தலைவர்தான் வேகமாக வந்து, "உள்ள வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சுவர்தான் குறி என்று மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சொன்னார்.

6

(முந்தைய வரைவில் அந்த மஞ்சள் தார்ப்பாயைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான் என்று எழுதியிருந்தேன். ஒரே வாரத்தில் ஒரு குறியை அழித்து இன்னொரு பொய்க்குறியை அவள் கையாலேயே செய்தாள் என்று. எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. நடந்ததில் அப்படி ஒன்றும் இல்லை. தார்ப்பாய் கடையில் தைத்தே கிடைக்கும். எடுத்துவிட்டேன்.)

7

கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மதியம் அவள் சீருடைகளைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது சுவர் மறுபடி மஞ்சளாக இருந்தது. இரண்டு படகுக்காரர்கள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். தலைவர் மட்டும் நின்றார், முழங்கை வரை மஞ்சள்.

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"நீ யாரைக் கேட்டு அடிச்ச?"

"ஏணியைப் பிடிச்ச ஆளு கேக்கற கேள்வியா இது?"

அவர் முழங்கை மஞ்சளைத் துண்டால் துடைத்தார்.

"இது என் வீட்டுச் செவுரு."

"கடல்ல இருந்து பார்த்தா ஊர்ச் செவுரு."

"அதை எனக்குச் சொல்லணும்ல."

"தெரியும்னு நெனச்சேன்."

"சரி. அடிச்சாச்சு. நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க? செவுரு எப்பவும் மஞ்சள்தான், என் தம்பிக்குக் கண்ணு தெரியலன்னா?"

தலைவர் படியில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அப்படி எழுதினால் எனக்கு வேலை சுலபம், ஆனால் இல்லை. "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றார். "யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. காகிதம் புதுப்பிக்க இந்த மாசம்தான் கடைசி. அந்தப் பொண்ணு அதுக்குத்தான் வருது. குறி மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை நோட்டுல ஏறட்டும், அதோட முடிஞ்சுது. மாட்டுன மூணு பேரும் எனக்கும் குறி தெரியலன்னுவானுங்க. விசைப்படகுக்காரன் எல்லையே இல்லையேன்னு உள்ள வருவான். இத்தனை வருஷம் பட்டினி கிடந்து விட்ட தண்ணி."

"உங்க தம்பி?"

"ஒரு சீசன். ஒரு சீசன் கரையில இருந்தா செத்தா போயிடுவான்?"

[ஸ்கேல் ஐந்து வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு காரணத்தால் இறந்தார். இந்த இரண்டையும் நான் சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்க வேண்டாம்.]

அவள் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். ஒரே கை அடித்திருந்தார்கள். ஓரங்களில் பச்சை ஊறி வெளியே வந்துகொண்டிருந்தது.

8

அன்று சாயங்காலம் ஸ்கேல் வந்தார். இது நடந்தது, அவரே சொன்னார். அவர் வந்தது சுவரைப் பார்க்க. அண்ணி வாசலில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். அவள் மெஷின் வாங்கி முதலில் தைத்தது அவருடைய கால்சட்டையை. ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு வருடம் பள்ளிக்கூடம் போனாராம்.

சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. கைலியில் துடைத்துக்கொண்டார்.

"காயல" என்றார்.

"வெயில் இல்லைல" என்றாள் அவள்.

இதற்குப் பிறகு நான் எழுதியது:

"நான் சொல்லிடறேன்டா. நான்தான் பச்சை அடிச்சேன், எனக்கு யாரும் சொல்லலன்னு சொல்லிடறேன்."

"வேணாம் அண்ணி. தண்ணிதான் பெருசு. நீங்க பேசாம இருங்க. எனக்காக."

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். எல்லாம் சரியாகப் பொருந்தியது. அவரே பேச வேண்டாம் என்றார், அதனால்தான் அவள் பேசவில்லை, யார் மேலும் தப்பில்லை. பிறகு ஸ்கேல் ஆறு தடவை சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு:

"அண்ணி, நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்க."

"வந்து?"

"சும்மா வாங்க."

அவ்வளவுதான். அடுத்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பித்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் என்று எழுதலாம். அறுத்தாளா என்று தெரியாது.

மேலே எழுதிய பொய்யை நான் அழிக்கவில்லை. அவளுக்கு நான் கொடுக்கப் பார்த்த சாக்கு அது. போனில் நான் சொன்ன 'இல்லீங்க'வும் இதே ஜாதிதான்.

9

சங்கத்து அறை சின்னது. பழைய வலை மூட்டை, கயிறு, மேஜை, ஒரு ஃபேன். கறுப்புக் கண்ணாடி நடந்ததைச் சொன்னார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. செயலாளர் எழுதிக்கொண்டார். நிறுவனத்துப் பெண் வருகிற வழியில் சுவரைப் போட்டோ எடுத்திருந்தாள்.

"பளிச்சுனு இருக்கே. புதுசா அடிச்சீங்களா?"

"வருஷா வருஷம் அடிப்போம்மா" என்றார் ஒரு படகுக்காரர். அவருடைய நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.

ஸ்கேலைக் கேட்டார்கள். "மஞ்சளைப் பார்த்துத்தான் போட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. தார்ப்பாய் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது என்னிடம் சொன்னார்: "மூணு பேரு சாக்கு சொன்னப்ப நான் கேக்கலையே. நான் மட்டும் எப்படிச் சொல்றது? வேற யாராச்சும் சொல்லணும்."

அந்தப் பெண் லேப்டாப்பை மூடிவிட்டு, நல்ல மனதோடுதான், அறையைச் சுற்றிப் பார்த்துக் கேட்டாள்: "குறியில ஏதாவது மாற்றம் இருந்துச்சா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

பதினொரு படகுக்காரர்களும் தங்கள் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடி எங்கே பார்த்தார் என்று தெரியாது. ஸ்கேல் மட்டும் கதவுப்பக்கம் பார்த்தார்.

இந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன்.

[                                                            ]

நான் நிரப்பிப் பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம்.

அவள் எழுந்து சொன்னாள். நோட்டில் ஏறியது. காகிதம் நின்றது. விசைப்படகுகள் வந்தன. ஒரே மாதத்தில் பாறை மொட்டையானது. ஸ்கேலின் படகு கடலில் இருந்தது, பிடிக்க மீன் இல்லை. ஊரில் யாரும் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கவில்லை.

அல்லது, அவள் எழுந்து சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள். "அவ்வளவுதானா? ஒரு நாள் வந்து புதுக் குறி வெச்சு எழுதிக் கொடுத்துடலாம்க்கா, இதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். எல்லாரும் டீ குடித்தார்கள்.

எனக்குப் பயமாக இருப்பது இரண்டாவதுதான். அப்படி ஆகியிருக்கவே முடியாது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. தையல்காரியும் இதை யோசித்திருப்பாள். ஆறு வருடமாக யோசித்திருப்பாள்.

நடந்தது: அவள் பேசவில்லை. ஸ்கேலின் படகு ஒரு சீசன் கரையேறுவது என்று முடிவானது. காகிதம் புதுப்பிக்கப்பட்டது. விட்ட தண்ணி இன்றைக்கும் இருக்கிறது, மீன் இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் கடலிலும் ஒரு துண்டை விட்டிருக்கிறார்களாம். அவர்கள் செய்தது பலித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான்தான் ஏமாற்றுகிறேன். ஸ்கேலும் கடைசிவரை அதைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார், தன்னுடைய தண்ணி என்ற மாதிரி. கரையேறிய படகின் நிழலில் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் அன்பாகப் பேசினார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார். நாற்பத்தொன்றாம் நாள் பஸ் ஏறினார்.

10

முடிவு என்னிடம் இல்லை. அவள் இன்னும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறாள். போன் போட்டால் எடுப்பாள். நான் போடவில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றைய கூட்டத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதன் கடைசித் துண்டில் ஸ்கேல் அறையில் இல்லை, ஆகவே அதற்குச் சாட்சி கிடையாது. நான் எழுதியது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

முடிவானதும் ஸ்கேல் போய்த் தன் படகிலிருந்து இன்ஜினைத் தானே கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் கைகொடுக்கப் போனார்கள், வேண்டாம் என்றார். மூலையில் சாக்கை விரித்து அதன்மேல் இறக்கி வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். பின்னாலேயே படகுக்காரர்கள் போனார்கள். செயலாளர் நோட்டில் கடைசி வரியை எழுதி, அடியில் கோடு போட்டு, மேஜை டிராயரில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அறையில் இரண்டு பேர். தலைவர் ஃபேனை நிறுத்தினார். அவள் பெஞ்சிலிருந்து எழவில்லை. இன்ஜினிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கசிந்து சாக்கில் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு. பூட்டணும்."

"நான் ஒண்ணு சொல்லணும்."

தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"வீட்ல வந்து சொல்லு" என்றார்.

"வீட்ல இல்ல. இங்க சொல்லணும்."

"இங்கதான் யாரும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டே அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பினார், மெதுவாக, உடம்பு சரியில்லாதவளைப் பிடிப்பது போல. அவள் எழுந்தாள். வாசல்படியைத் தாண்டினாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அவளுக்குப் பின்னால் அவர் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.